கொம்புத்தேனும் ஃபுட்போர்டும்: சென்னைப் பேருந்துப் படி குறித்துச் சில குறிப்புகள்

'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறவனை மட்டம் தட்டுவதற்கானது. பள்ளிக்கூடத்துத் தமிழய்யாக்களுக்கு ரொம்பப் பிடித்தது. நான் படித்த வகுப்பிலும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் பார்வை முதல் பெஞ்சில் இருக்கும் என்மீது பட்டுவிட, 'உன்னைச் சொல்லலப்பா' என்று ஒரு பின்குறிப்பும் வந்து சேரும். அது கிடக்கட்டும். பழமொழியை ஒரு பிரதியாக வாசித்தால், அதில் எது பேசப்படுகிறது, எது பேசாமல் விடப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேசப்படுவது முடவனின் காலும் அவனுடைய ஆசையும். பேசாமல் விடப்படுவது கொம்பின் உயரம். தேன் உயரத்தில் இருப்பது இயற்கை. இயற்கையிடம் போய் யார் கேள்வி கேட்பது? ஆகவே பிரச்சினை முழுவதும் முடவனின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மரக்கொம்பு தானே முளைத்தது. பேருந்தின் படி அப்படி முளைக்கவில்லை. அதை யாரோ வரைந்தார்கள், யாரோ டெண்டர் விட்டார்கள், யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். ஆனாலும் சென்னையில் பஸ்ஸுக்கு நிற்கிற எவரும், ஏற முடியாமல் நிற்கிறவரும் சேர்த்துத்தான், அந்தப் படியைக் கொம்புத்தேனைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்துவந்திருக்கிறோம். வரலாறு உள்ள ஒரு பொருள் எப்படி இயற்கைப் பொருளாகத் தோற்றம் கொண்டது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இடது காலில் போலியோ. ஊன்றுகோலோடு நடக்கிறேன். படி ஏற முடியும், நேரமாகும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் அனுபவம் என்னுடையதல்ல, பார்வையற்றவரின் அனுபவமும் அல்ல. அவர்கள் சார்பாக நான் பேசுவதாகப் பாவனை செய்ய மாட்டேன். இப்படிச் சொல்வதும் ஒரு தந்திரம்தானே என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

தமிழ் படித்தவன் என்பதால் பழைய இடத்திலிருந்து தொடங்குகிறேன். சங்கப் புலவர் பெயர்களில் 'முட' என்ற அடையோடு வருபவர்கள் சிலர்: உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், முடத்தாமக் கண்ணியார், ஐயூர் முடவனார். (இவற்றில் எது உடற்குறை, எது வேறு பொருள் என்பதில் பண்டிதர்களுக்குள் சண்டை உண்டு. முடத்தாமம் என்றால் வளைந்த மாலை என்பாரும் உளர். முடமோசியார் குடியிருந்த சேரிக்கு ஏணி என்று பெயர் வாய்த்ததைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை.) இவர்களில் ஐயூர் முடவனார் நம்முடைய விஷயத்துக்கு நேரடியாகத் தேவைப்படுகிறார். புறநானூற்றின் 399ஆம் பாட்டில் அவர் தாமான் தோன்றிக்கோன் என்பவனிடம் போய் ஓர் எருது கேட்கிறார். நடக்க இயலாதவராதலால் வண்டி இழுக்க எருது வேண்டினார் என்று விளக்குவது வழக்கம். அவன் ஒன்று கேட்டவருக்கு மந்தையையே கொடுத்து, ஊர்தியும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறான்.

தமிழில் நடமாட்டக் குறைபாடும் போக்குவரத்தும் ஒரே இடத்தில் சந்திக்கிற மிகப் பழைய ஆவணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இங்கே நான் கவனிக்க விரும்புவது உறவின் வடிவம். ஒருவர் கேட்கிறார்; ஒருவன் கொடுக்கிறான்; கொடுத்தவன் பாடப்படுகிறான். ஊர்தி என்பது கொடை. கொடை ஓர் உடம்புக்கு, ஒரு தடவை, கொடுப்பவனின் மனநிலையைப் பொறுத்து வந்துசேர்வது. பாதை எப்படியிருக்கிறது என்ற கேள்வி அதில் எழுவதேயில்லை. இன்னொரு முடவர் என்ன செய்வார்? அவரும் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு இன்னொரு தோன்றிக்கோனைத் தேட வேண்டியதுதான். ரெண்டாயிரம் வருஷம் கழித்து, விழா மேடையில் அமைச்சரின் கையால் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரின் சாவியை வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வரும். ஸ்கூட்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது பலருடைய வாழ்க்கையை மாற்றியிருக்கிறது, எனக்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மேடையில் இல்லாத ஒரு வாகனம் உண்டு. அதுதான் பேருந்து.

பேருந்துக்கு வருவோம். சென்னைக்குப் பொது வாகனம் என்பது ட்ராமில் தொடங்கியது. 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார ட்ராம் 1953இல் நின்றுபோனது. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்ரயில். ரயிலில் மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி உண்டே தவிரப் பெரிய ஏற்றம் கிடையாது. ஆனால் தண்டவாளத்தைத் தாண்டி அடுத்த மேடைக்குப் போவதென்றால் மேம்பாலப் படிக்கட்டு. அதாவது வண்டி சமமாக நடத்தியது, நிலையம் நடத்தவில்லை. 1947இல் அரசு சென்னையில் பஸ் ஓட்டத் தொடங்கியது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம். பெயர் மாறிப் பிரிந்து மறுபடி சேர்ந்து 2001 முதல் மாநகர் போக்குவரத்துக் கழகம். இத்தனை பெயர் மாற்றங்களுக்கும் அடியில் மாறாமல் இருந்தது ஒன்று: சேஸிஸ்.

இந்தியாவில் நெடுங்காலம் பஸ் என்று தனியாக ஒரு வண்டி கிடையாது. லாரிக்குச் செய்த அடிச்சட்டத்தின் மீது பெட்டி கட்டி, ஜன்னல் வைத்து, சீட் போட்டால் பஸ். லாரியின் அடிச்சட்டம் உயரமாகத்தான் இருக்கும். மேடு பள்ளத்தில் பாரம் சுமக்க வேண்டும், அடியில் அச்சும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. சுமையை ஏற்றுவதற்குத் தோள்கள் உண்டு. மூட்டைக்குக் கால் கிடையாது என்பதால் அதற்குப் படியும் வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தில் மனிதரை ஏற்ற வேண்டி வந்தபோது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மூன்று படிகளை வெட்டிவைத்தார்கள். முதல் படி முழங்கால் அருகே வரும். ஆக, படியின் உயரத்தைத் தீர்மானித்தது பயணியின் உடம்பு அல்ல, நெல்லும் சிமெண்டும். பஸ்ஸில் நம்மை மூட்டை மாதிரி அடைக்கிறார்கள் என்று சனங்கள் திட்டுவதில் ஒரு பொறியியல் உண்மை இருக்கிறது.

பிற்காலத்தில் மத்திய அரசின் வரையறைகள் நகரப் பேருந்தைத் தரை உயரத்தின்படி மூன்றாகப் பிரித்தன: 900 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர், 400 மில்லிமீட்டர். 400 என்பது கிட்டத்தட்ட ஒன்றேகால் அடி. அதற்குப் படி தேவையில்லை. ஒரு சாய்தளத்தை விரித்தால் சக்கரம் உருண்டு ஏறிவிடும். 900 என்றால் உருளாது. ஒரு நகரத்தில் யார் வெளியே வரலாம், யார் வீட்டில் கிடக்க வேண்டும் என்பதை இந்த 500 மில்லிமீட்டர் தீர்மானிக்கிறது.

'இதுல என்னய்யா அரசியல் இருக்கு, இது டெக்னிகல் சமாச்சாரம்' என்று சொல்வார்கள். சரி, தமிழ்நாட்டில் பஸ் எப்போதாவது அரசியல் இல்லாமல் இருந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். ஏற மறுக்கப்பட்டவனுக்கு அவர் வண்டி வாங்கிக் கொடுக்கவில்லை. எல்லோரும் ஏறுகிற வண்டியாக அதை மாற்று, இல்லையென்றால் ஓட்டாதே என்றார். ஐயூர் முடவனாருக்குக் கிடைத்ததிலிருந்து இது தலைகீழான தர்க்கம். 1967க்குப் பிறகு திமுக ஆட்சி தனியார் தடங்களை அரசுடைமையாக்கியது. கிராமத்துக்குப் பஸ் வந்ததும், பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனதும் திராவிட அரசியலின் பெருமிதக் கதையாடலில் முக்கியமான இடம் பிடித்தவை. நியாயமான பெருமிதம்தான். 1997இல் விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்ற தலித் வீரரின் பெயர் வைக்கப்பட்டபோது அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பி, தென்மாவட்டம் கலவரப்பட்டு, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே நீக்கிவிட்டார்கள்.

பஸ்ஸின் நெற்றியில் எழுதிய பெயருக்காக உயிர்கள் போன மண் இது. யார் எந்த சீட்டில் உட்காரலாம், பெண்களுக்கு எத்தனை வரிசை, எந்தச் சேரி வழியாகத் தடம் போகும் என்று பேருந்தின் அங்குலம் அங்குலமாக அரசியல் பேசியிருக்கிறோம். படியின் உயரம் மட்டும் இந்தச் சொல்லாடலுக்குள் வரவில்லை. சாதியைச் சமூகம் கட்டமைத்தது என்று கண்டுகொண்டவர்கள் ஊனத்தை மட்டும் டாக்டரிடம் விட்டுவிட்டார்கள். இதில் நம்முடைய சிறுபத்திரிகைகளும் விதிவிலக்கல்ல. உடல், உடல் அரசியல் என்று எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து எவ்வளவு எழுதித் தள்ளியிருக்கிறோம்! மருத்துவமனையும் சிறைச்சாலையும் உடம்பை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்று ஃபூக்கோவை மொழிபெயர்த்து விவாதித்தோம். அந்த விவாதக் கூட்டங்கள் நடந்ததெல்லாம் எப்போதும் மாடியில்.

படி யாருக்குத் தடையோ அவரை மட்டும் பார்த்தால் போதாது, அது யாருக்கு மேடை என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஃபுட்போர்டு என்பது ஒரு கலாச்சார நிகழ்வு. ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் தலைமுடி பறக்க, ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறி, ஓடும்போதே குதித்து இறங்குகிற இளைஞனை நம் சினிமா எத்தனையோ தடவை கதாநாயகன் ஆக்கியிருக்கிறது. தட்டிக்கேட்கும் கண்டக்டர் நகைச்சுவைப் பாத்திரம். 'பயணி' என்ற தன்னிலை இங்கே எந்த உடம்பை வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஃபுட்போர்டில் தெளிவாகப் பார்க்கலாம்: இருபது வயது, ஆண், இரண்டு கால், கையில் குழந்தையோ பையோ கிடையாது. மற்ற எல்லோரும், அதாவது கர்ப்பிணிகள், முட்டி வலிக்காரர்கள், காய்கறிக் கூடைக்காரிகள், கிழவர்கள், நான், இந்த உடம்பிலிருந்து விலகிய பிறழ்வுகள். கணக்குப் போட்டால் பிறழ்வுகள்தான் பெரும்பான்மையாக இருப்போம். ஆனால் நாம் ஒரே நேரத்தில் ஒரே நிறுத்தத்தில் நிற்பதில்லை. வர முடியாதவர்கள் வரிசையில் தெரிவதுமில்லை. 'வீல்சேர்ல யாருங்க பஸ்ஸுக்கு வர்றாங்க?' என்று அதிகாரிகள் கேட்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத தன்மையைச் சாட்சியாக வைத்துத்தான்.

ஏறுவது மட்டுமல்ல, ஓடுவதும் தேவை. நிறுத்தத்தில் நாம் நிற்போம், பஸ் இருபதடி தள்ளி நிற்கும். அல்லது ஏற்கெனவே நிற்கிற பஸ்ஸுக்கு வெளிப்புறமாக, நடுரோட்டில் நிற்கும். கூட்டம் ஓடும். ஊன்றுகோல்காரன் போய்ச் சேரும்போது விசில் அடித்தாகிவிடும். இதற்கு ஓட்டுநரையும் நடத்துநரையும் வில்லன் ஆக்குவது சுலபம், தவறும்கூட. இத்தனை மணிக்குள் இத்தனை ட்ரிப் என்று அவர்கள் கழுத்திலும் கத்தி இருக்கிறது. உண்மையில் என் அனுபவத்தில் 'மெதுவா ஏறுங்க சார், அவசரமில்ல' என்று காத்திருந்த நடத்துநர்கள்தான் அதிகம். சிலர் இறங்கிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கியும் விட்டிருக்கிறார்கள். நன்றியோடுதான் ஏறியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லித்தான் வேலைக்குப் போக முடியும் என்கிற நிலைமை ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தோன்றிக்கோன்கள் காக்கிச் சட்டையிலும் வருவார்கள். எல்லா நாளும் வர மாட்டார்கள்.

ஆகவே எங்களைப் போன்றவர்களிடம் ஒரு ரகசிய நில வரைபடம் இருக்கிறது. பஸ் நின்று கிளம்பும் இடத்துக்குப் போய்விடுவது அதில் முதல் பாடம். திருவான்மியூரிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிறவர், வடக்கே பாரிமுனைக்குப் போவதற்கு முதலில் தெற்கே போய், வண்டி காலியாக நிற்கும்போது ஏறி, தன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போவார். முன்னே போகப் பின்னே போக வேண்டும். ஏழு மணிக்கு முன் அல்லது பதினொரு மணிக்குப் பின். மழை பெய்தால் கிடையாது. எந்த நடைமேடையில் டிரான்ஸ்ஃபார்மர் மறிக்கிறது, எந்தச் சுரங்கப்பாதையில் கைப்பிடி உடைந்திருக்கிறது, எல்லாம் மனப்பாடம். நகரத்தின் வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்தக் கூடுதல் நேரத்துக்கும் கடைசியில் பிடிக்க வேண்டிவரும் ஆட்டோவுக்கும் யார் கூலி தருவது? சம்பளத்தில் பாதி ஆட்டோவுக்குப் போகிறதென்று வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

படியை அரசியலாக்கியவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். இங்கே கொஞ்சம் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. விக் ஃபின்கெல்ஸ்டைன் என்பவர் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி எதிர்ப்பில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். சக்கர நாற்காலியில் இருந்தவர். 1968இல் பிரிட்டன் வந்து, பால் ஹன்ட் முதலியோரோடு சேர்ந்து, உடற்குறை வேறு, அதன்மீது சமூகம் சுமத்தும் ஊனம் வேறு என்று 1976இல் ஓர் அறிக்கையில் பிரித்துக் காட்டினார்கள். நிறவெறியை உள்ளேயிருந்து பார்த்த ஒருவருக்குத்தான் இது சட்டென்று பிடிபட்டிருக்கிறது என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அவர் ஒரு கற்பனைக் கதை எழுதினார். சக்கர நாற்காலிக்காரர்கள் மட்டுமே ஒரு கிராமத்தில் குடியேறுகிறார்கள். எழுந்து நிற்க யாருமில்லாததால் கதவையும் கூரையையும் தாழ்த்திக் கட்டிக்கொள்கிறார்கள். பிறகு அங்கே வந்து சேரும் நடக்கிறவர்கள் தலையில் இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கிராமத்து டாக்டர்கள் அவர்களுக்குத் தலைக்கவசம் எழுதிக்கொடுக்கிறார்கள். இடுப்பை வளைத்து வைக்கப் பட்டை கட்டுகிறார்கள். தர்ம சிந்தனையாளர்கள் அந்தத் தலைக்கவசத்தையே கவிழ்த்து வைத்துக் கடைகடையாக நன்கொடை வசூலிக்கிறார்கள். கூரையை உயர்த்தினால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. கொம்புத்தேன் பழமொழிக்கு இதைவிடச் சிறந்த பதில் எனக்குத் தெரியாது.

கதை எழுதியாச்சு. பஸ்ஸை மறித்தவர்கள் அமெரிக்காவின் டென்வர் நகரத்தவர்கள். நகரப் போக்குவரத்து நிர்வாகம் ஏற வசதியில்லாத புதுப் பேருந்துகளை வாங்கியிருந்தது. 1978 ஜூலை 5ஆம் தேதி, பராமரிப்பு விடுதிகளிலிருந்து வெளியேறித் தனித்து வாழத் தொடங்கியிருந்த பத்தொன்பது பேர், நகரின் பரபரப்பான நாற்சந்தி ஒன்றில் தங்கள் சக்கர நாற்காலிகளைப் பேருந்துகளுக்கு முன்னும் பின்னும் நிறுத்தினார்கள். ராத்திரி முழுக்க ரோட்டிலேயே கிடந்தார்கள். கறுப்பின மக்கள் பஸ்ஸின் முன்சீட்டுக்குப் போராடினார்கள் என்றால் இவர்கள் பஸ்ஸுக்குள் போகவே போராடினார்கள். அந்தக் கிளர்ச்சி ஊர் ஊராகப் பரவியது. 1990 மார்ச்சில் வாஷிங்டனில், சக்கர நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து ஏறினார்கள். அவ்வாண்டு ஜூலையில் சட்டம் வந்தது. புதிதாக வாங்கும் நகரப் பேருந்து எதுவானாலும் எல்லோரும் ஏறத்தக்கதாக இருந்தாக வேண்டும் என்றானது. 'வசதி இருந்தால்' என்ற சொல் அதில் கிடையாது.

நமக்கும் 1995இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 44ஆம் பிரிவு பேருந்துகளையும் ரயில்பெட்டிகளையும் ஏற எளிதாக மாற்றியமைக்கச் சொன்னது. ஆனால் நிறுவனத்தின் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று முன்னால் ஒரு சொற்றொடர். தமிழில் இதை 'முடிந்தால் செய்' என்று மொழிபெயர்க்கலாம். அதே 1995 நவம்பரில்தான் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1997இல் மயிலாப்பூர் வரைக்கும், 2007இல் வேளச்சேரி வரைக்கும் நீண்டது. தரையில் ஓடுகிற ரயிலைத் தூக்கி ஆகாயத்தில் வைத்துவிட்டு, அங்கே ஏறுவதை உன் கால்பாடு என்று விட்டார்கள். பிரம்மாண்டமான கான்கிரீட் நிலையங்கள், சந்தை வைக்கிற அளவுக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் வேலை செய்கிற ஒரு மின்தூக்கியைத் தேடி அலைந்தவர்களின் புலம்பல் வருஷா வருஷம் நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. சட்டம் வந்தபின் திறந்த நிலையங்களுக்கும் இதுதான் கதி.

2005இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் பேருந்துகள் குறித்துப் பொதுநல வழக்கு போடப்பட்டது. நடுவில் மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் கொஞ்சம் தாழ்தளப் பேருந்துகள் வந்தன, வயதாகி ஓய்ந்தன. அவற்றின் இடத்தில் மறுபடி உயரமான வண்டிகள்தான் வந்தன. 2010இல் துறைக்கே பெயர் மாறியது: ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளிகள் வந்தோம். கலைஞரின் சொல்லாக்கங்களில் மரியாதையானது இது, மறுக்கவில்லை. 'நொண்டி' என்று கூப்பிட்ட வாய் இப்போது 'மாற்றுத்திறனாளி' என்று கூப்பிடுகிறது, அது சின்ன மாற்றமல்ல. இருந்தாலும் அந்தச் சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. குறை உனக்குள் இருந்தது என்பதற்குப் பதிலாகத் திறன் உனக்குள் இருக்கிறது என்கிறது. இரண்டிலும் பேச்சு எனக்குள்ளேயேதான் நிற்கிறது. படி பேச்சில் வரவில்லை. மாற்றுத்திறன் இருக்குல்ல, ஏறிக்கோ!

2016இன் புதிய சட்டம் இன்னும் திடமாகப் பேசியது. 2021இல் ஆட்சிக்கு வந்த அரசு சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்தது. அடுத்த மாதமே அதைத் திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன்வரும் ஒருவருக்கும் விரித்தது. பெண்களுக்குக் கிடைத்த அந்தச் சலுகையின் பலனை எந்த பஸ்ஸில் ஏறினாலும் பார்க்கலாம். எங்களுக்குக் கிடைத்த டிக்கெட்? ஏற முடியாத பஸ்ஸுக்கு இலவச டிக்கெட். இன்னும் துல்லியமாகச் சொன்னால், தூக்கிவிட ஓர் ஆளையும் சேர்த்து இலவசமாக அனுப்புகிறார்கள். அந்த ஆள் யாரென்றால், பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு வருகிற அம்மா. எந்தப் பேருந்துகளில் டிக்கெட் இலவசமோ அந்தச் சாதாரணப் பேருந்துகள்தான் படி உயர்ந்தவையாகவும் இருந்தன. நாற்பது சதவீத ஊனம் என்று டாக்டர் எழுதிய சான்றிதழ் வேண்டும் என்பது வேறு. அந்தச் சான்றிதழை வாங்கப் போவதும் பஸ்ஸில்தான்.

அதே 2021 முதல் வழக்கு மறுபடி சூடு பிடித்தது. ஊனமுற்றோர் உரிமைக்காகச் செயல்படும் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த வழக்கில், ஏற முடியாத பேருந்துகளை அரசு வாங்கக் கூடாது என்ற கேள்வி நேரடியாக எழுந்தது. எதிர்த்தரப்பு வாதங்கள் கவனிக்கத்தக்கவை. தாழ்தளப் பேருந்து விலை அதிகம். சென்னைச் சாலைகள் மேடு பள்ளம், வேகத்தடைகள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், தாழ்ந்த வண்டிக்குள் புகுந்துவிடும். ஒவ்வொன்றும் உண்மைதான். மொத்தமாகச் சேர்த்து வாசித்தால் என்ன கிடைக்கிறது? சாலையை அரசு ஒழுங்காகப் போடவில்லை, வடிகாலை ஒழுங்காகக் கட்டவில்லை. ஆகவே பேருந்து உயரமாக இருக்க வேண்டும். ஆகவே நீ வீட்டில் இருக்க வேண்டும். லாரிச் சட்டத்தை நியாயப்படுத்திய அதே தர்க்கம் எழுபது வருஷம் கழித்து வழக்கறிஞர் அங்கியில் வந்து நின்றது. 2023இல் நீதிமன்றம் ஒரு சமரசத்துக்கு வந்தது: வாங்குவதில் ஒரு பகுதியாவது தாழ்தளமாக இருக்கட்டும், மீதி 900 மில்லிமீட்டர். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதி பற்றிய மத்திய அரசின் விதியொன்று வெறும் பரிந்துரைகளாக நிற்கிறது, சட்டமோ கட்டாயத்தைக் கேட்கிறது என்று சொல்லி அந்த விதியைச் செல்லாதென்றது. 'முடிந்தால் செய்' என்ற இலக்கணத்தை ஒரு நீதிமன்றம் திருத்த 1995இலிருந்து இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மின்தூக்கி, பார்வையற்றோருக்கான தடம், மேடையும் பெட்டியும் ஒரே மட்டம். முதல் தடவை அதில் ஏறியபோது யாருக்கும் நன்றி சொல்லாமல் ஏறினேன் என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன். ஆக, இந்த ஊரால் முடியும். ஜப்பான் கடனில் கட்டுகிற, டிக்கெட் கூடுதலான ரயிலில் முடிந்தது ஏன் ஏழைகளின் பஸ்ஸில் முடியவில்லை என்று கேட்டால், அது மில்லிமீட்டர் கேள்வியாக இருக்காது. உலக வங்கித் திட்டத்தின் ஆதரவோடுதான் இப்போது மின்பேருந்துகளும் வருகின்றன. சமூக நீதி என்ற சொல்லை மூச்சுக்கு மூச்சு உச்சரிக்கிற ஒரு மாநிலத்தில், படி தாழ்ந்தது அந்தச் சொல்லின் வழியாக அல்ல, ரிட் மனு வழியாகவும் கடன் திட்டங்கள் வழியாகவும் என்பது எனக்கு உறுத்துகிறது. சௌந்தரபாண்டியன் லைசென்ஸை வைத்துப் பேசிய மொழியை அவருடைய வாரிசுகள் மறந்துபோனார்கள்.

2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்குத் திரும்பின. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் கிளம்பின. நிறுத்தத்தில் இந்த வண்டிகள் பக்கவாட்டில் சற்றே சாய்ந்து தாழும். 'மண்டி போடுதுடா' என்று பையன்கள் சிரிக்கிறார்கள். நானும் ரெண்டு மூன்று தடவை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இத்தனை காலம் இந்த ஊரில் கெஞ்சியதெல்லாம் உடம்புதான். முதல் தடவையாக ஒரு வண்டி குனிகிறது. நடத்துநர் கதவருகே மடிந்து கிடக்கும் சாய்தளத்தை எடுத்து விரிக்க வேண்டும். அதற்கு வண்டி நடைமேடையை ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டி நிற்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் பைக்குகள் நிற்கக் கூடாது, ஷேர் ஆட்டோ நிற்கக் கூடாது, இளநீர் வண்டி நிற்கக் கூடாது. இளநீர்க்காரரும் எங்கே போவார்? நடைமேடையில் பைக் ஏறக் கூடாதென்று நட்டுவைத்த கட்டைகளுக்கு நடுவே சக்கர நாற்காலி நுழைய வழி விட்டிருக்க வேண்டும். பின்னால் வருகிற பஸ், 900 மில்லிமீட்டர் வகை, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஏறிவிட வேண்டும்.